640 மீட்டர் பள்ளம், நாலு மாசம், ஒரு பில் கூட இல்லை: பகுதிப் பில் போடுவது எப்படி?

சின்ன மேஸ்திரி எழுதியது

வணக்கம். இந்த இணைய மன்றத்தில் வீடு கட்டுகிறவர்கள்தான் அதிகம் கேள்வி கேட்கிறார்கள். என்னுடையது மாநகராட்சி வேலை. விஷயம் தெரிந்தவர்கள் யாராவது கண்ணில் படட்டும் என்று போடுகிறேன்.

அப்பா முப்பது வருஷம் மேஸ்திரி. நான் சிவில் டிப்ளமோ. அப்பாவோடு சேர்ந்து பள்ளிக்கூடக் கழிப்பறை, சின்னச் சின்ன சிமென்ட் சாலை என்று ஐந்து லட்சம், எட்டு லட்சம் வேலைகள் செய்திருக்கிறோம். அதெல்லாம் முடிந்ததும் ஒரே பில். இந்த வருஷம்தான் முதல் தடவையாக என் பெயரில் பெரிய வேலை எடுத்தேன். மழைநீர் வடிகால், 640 மீட்டர். உள் அகலம் 75 சென்டிமீட்டர், உள் ஆழம் 90. ஒப்பந்த மதிப்பு ஜி.எஸ்.டி. இல்லாமல் 78 லட்சம். ஊர் தெற்குப் பக்கம், அதற்கு மேல் சொல்லவில்லை.

வேலை உத்தரவு ஜனவரிக் கடைசியில் கிடைத்தது, பிப்ரவரியில் இறங்கினேன். ஜே.சி.பி.யை ஒரே வீச்சில் ஓட்டிவிட்டால் வாடகை மிச்சம் என்று 640 மீட்டரையும் தோண்டிவிட்டேன். பி.சி.சி. (அடியில் போடும் கம்பியில்லாக் கான்கிரீட்) முழு நீளத்துக்கும் போட்டாகிவிட்டது. அடித்தளக் கான்கிரீட் 410 மீட்டர், பக்கச் சுவர் 180 மீட்டர். மூடிப் பலகை இன்னும் ஒன்று கூடப் போடவில்லை.

இதுவரை போட்ட பணம் 27 லட்சம். அதில் கையிருப்பு 9, அம்மா நகையை அடகு வைத்தது 6, கம்பியும் சிமென்டும் கடைக் கடன் 7, ரெடிமிக்ஸ்காரருக்குப் பாக்கி 5. சனிக்கிழமை வந்தால் கூலிக்கு யாரிடம் கேட்பது என்று வெள்ளிக்கிழமை ராத்திரியே தூக்கம் போய்விடுகிறது.

ஒப்பந்தத்தில், செய்து முடித்த வேலையின் மதிப்பு 15 லட்சத்தைத் தாண்டினால் பகுதிப் பில் போடலாம் என்று இருக்கிறது. என் கணக்கில் இப்போதே இருபத்து நாலரை லட்சத்துக்கு வேலை ஆகியிருக்கிறது. ஆனால் உதவிப் பொறியாளர் அளவு எடுக்க வரவே மாட்டேன் என்கிறார். "மூடி போட்ட நீளத்தைக் காட்டுங்க, எழுதித் தர்றேன். அங்கங்கே அரைகுறையா கிடக்கிறதை நான் எப்படி எழுதறது?" இதுதான் அவர் பதில். போன வாரம் கொஞ்சம் இறங்கி வந்து, "வேணும்னா சுவர் எழும்பின 180 மீட்டரை மட்டும் எழுதறேன்" என்றார். அதை மட்டும் எழுதினால் 15 லட்சம் வராது.

இன்னொரு வில்லங்கம். நடுவில் 90 மீட்டருக்கு மண் சொதசொதவென்று இருந்தது. எஸ்டிமேட்டில் 1.15 மீட்டர் ஆழம். அந்த இடத்தில் 1.60 வரை தோண்டி, கிராவல் அடித்துத் திமிசு போட்ட பிறகுதான் பி.சி.சி. போட முடிந்தது. அப்போது பொறியாளர் வாயால் "சரி, செய்யுங்க" என்றார். இப்போது அது பூமிக்குள் இருக்கிறது. எழுத்தில் ஒன்றும் இல்லை.

மூன்று கேள்வி. பணம் வரும்வரை வேலையை நிறுத்தி வைக்கலாமா? அரைகுறை வேலைக்குப் பில் கேட்க எனக்கு உரிமை உண்டா? அந்த 90 மீட்டர் பணம் போனது போனதுதானா?

தளமட்டம் எழுதியது

தம்பி, நான் ஓர் உள்ளாட்சியில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவன். உங்கள் மேல் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. அதைச் சொல்லிவிட்டு உதவிக்கு வருகிறேன்.

640 மீட்டரையும் ஒரே மூச்சில் தோண்டியது தப்பு. ஜே.சி.பி. வாடகையில் இருபதாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் இருபது லட்சத்தைத் தெருவில் பரப்பி வைத்திருக்கிறீர்கள். எங்கள் தொழிலில் நாளைக் கணக்கிட்டும் பணம் வராது, செலவைக் கணக்கிட்டும் வராது. எம் புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், ஏறிய அளவுக்குத்தான் வரும். நீங்கள் அடகு வைத்த நகை அதில் ஏறாது. நீளம், அகலம், ஆழம், எண்ணிக்கை. நாலு பத்தி, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் பொறியாளர் பக்கம். அவர் சொல்வதில் பாதி பயம், பாதி சோம்பல். அளவுப் புத்தகத்தில் எழுதியதை அழிக்க முடியாது. பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்திருக்கும், தாளைக் கிழிக்க முடியாது. தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு, சரியானதை மேலே எழுதி, சுருக்கொப்பம் வைக்க வேண்டும். அவர் எழுதியதை உதவி செயற்பொறியாளர் வந்து சரிபார்ப்பார். அதற்கும் மேலே தணிக்கை இருக்கிறது. அரைகுறையாக நிற்கும் ஓர் இடத்தை எழுதி, நாளைக்கு நீங்கள் ஓடிப்போய்விட்டால், "எதை வைத்து எழுதினாய்?" என்று அவரைத்தான் கேட்பார்கள். 'முடிந்ததைக் காட்டு' என்று அவர் சொல்வதற்கு இதுதான் காரணம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

ஆனால் உரிமை என்று கேட்டால், உண்டு. உங்களுடையது உருப்படி வாரியான வேலை. மண் தோண்டுவது ஓர் உருப்படி, பி.சி.சி. ஓர் உருப்படி, அடித்தளம், சுவர், மூடி எல்லாம் தனித்தனி. 640 மீட்டர் தோண்டி முடித்திருந்தால் அந்த உருப்படி முடிந்த உருப்படிதான். மூடி போடாததற்காகத் தோண்டியதை எழுத மாட்டேன் என்று சொல்ல இடமில்லை. வேண்டுமானால் தோண்டிய மண்ணை இன்னும் அப்புறப்படுத்தவில்லை, பக்கவாட்டை நிரப்பவில்லை என்று சொல்லி, முழு விலைக்குப் பதில் கொஞ்சம் குறைத்த விலையில் எழுதலாம். பார்ட் ரேட் என்போம். மிச்சம் அடுத்த பில்லில் வரும்.

பகுதிப் பில் என்பது என்ன என்று பல ஒப்பந்ததாரர்களுக்கே பிடிபடுவதில்லை. ஒவ்வொரு பில்லிலும் ஆரம்பத்திலிருந்து இன்றுவரை ஆன மொத்த அளவை எழுதி, முந்தைய பில் வரை கொடுத்ததைக் கழித்து, மிச்சத்தைத்தான் கொடுப்பார்கள். இடையில் கொடுப்பதெல்லாம் இறுதிப் பில்லுக்கான முன்பணம் மாதிரி. முதல் பில்லில் ஓர் அளவு கூடிப் போயிருந்தால் மூன்றாவது பில்லில் குறைத்துவிடலாம். ஆகவே பகுதிப் பில் எழுதுவதால் பொறியாளர் தலை போய்விடாது. இதை அவரிடம் பணிவாகச் சொல்லுங்கள், சண்டையாகச் சொல்லாதீர்கள்.

நாளைக்கே செய்ய வேண்டியது இது. வேலையைப் பிரியுங்கள். ஆட்களை 640 மீட்டருக்கும் பரப்பி வைக்காமல், சுவர் எழும்பிய 180 மீட்டரில் மொத்தமாக இறக்குங்கள். மூடி, வண்டல் தொட்டி, பக்கவாட்டு மண் நிரப்பல், கிழிந்த சாலை ஓரத்தைச் சமன் செய்வது, எல்லாம் அந்த 180-இல் முடியட்டும். மேலே வண்டி ஓடும் நிலைக்கு ஒரு துண்டு வந்துவிட்டால் அவருக்கும் எழுத தைரியம் வரும். அதோடு சேர்த்து மீதி நீளத்தின் தோண்டல், பி.சி.சி., அடித்தளம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். அப்போது 15 லட்சம் என்ன, இருபதைத் தாண்டிவிடும். இனிமேல் எந்த வேலை எடுத்தாலும் நூறு, நூற்றைம்பது மீட்டராக வெட்டிச் செய்யுங்கள். ஒரு துண்டு மூடியாகும்போது அடுத்த துண்டு தோண்டலில் இருக்க வேண்டும்.

அந்த 90 மீட்டர். பூமிக்குள் மறையப் போகும் எதையும் அளந்து கையெழுத்து வாங்காமல் மூடக் கூடாது. இது டிப்ளமோவில் சொல்லித் தந்திருப்பார்கள், நீங்கள் தேர்வுக்கு மட்டும் படித்திருப்பீர்கள். தோண்டுவதற்கு முன் தரைமட்டம், தோண்டிய பின் அடிமட்டம், இரண்டும் சேர்ந்து எடுத்திருந்தால் இன்றைக்கு இந்தப் பேச்சே இல்லை. உங்கள் கணக்குப்படி கூடுதல் ஆழம் 0.45, தோண்டல் அகலம் 1.35 என்று வைத்தால் 54 கன மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. தோண்டிய கூலி சொற்பம், அதை நிரப்பிய கிராவல்தான் பணம். போகட்டும் என்று விட வேண்டாம். சுவர் எழும்பாத இடமாக மூன்று இடத்தில், வடிகாலை ஒட்டிப் பக்கவாட்டில் சோதனைக் குழி தோண்டிக் காட்டுங்கள். சொதசொத மண் எங்கே முடிகிறது, கிராவல் எங்கே ஆரம்பிக்கிறது என்று வெறும் கண்ணாலேயே தெரியும். டேப்பை வைத்துப் பொறியாளர் முன்னிலையில் அளந்து, படம் எடுத்து, கடிதம் எழுதி ஒப்புதல் கேளுங்கள். கூடுதல் அளவுக்கு மேலிடத்து அனுமதி வேண்டும், அது நாளாகும். அதற்காக முதல் பில்லை நிறுத்தி வைக்காதீர்கள். இது தனியாக ஊரட்டும்.

வேலையை நிறுத்தலாமா என்று கேட்டீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தினால் நீங்கள்தான் குற்றவாளி. தாமதத்துக்கு அபராதம், அதற்கும் மேலே போனால் ஒப்பந்தமே ரத்து. எழுதிக் கொடுங்கள். இன்ன தேதி அளவெடுக்கக் கேட்டேன், நடக்கவில்லை, அதனால் வேலை சுணங்குகிறது, இத்தனை நாள் கால நீட்டிப்பு வேண்டும் என்று. கடிதத்தைப் பொறியாளர் மேசையில் வைத்துவிட்டு வராதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். நான் பார்த்த தகராறுகளில் பாதி, அந்த ஒரு முத்திரை இருந்ததா இல்லையா என்பதில்தான் தீர்ந்தன.

(கவர் கொடுத்தால்தான் எம் புக் திறக்கும் என்று யாராவது கீழே எழுதப் போகிறீர்கள். தெரியும். அதை ஆரம்பித்தால் இந்த இழை முழுக்க அதுவாகவே போகும், தம்பியின் பிரச்சினை அப்படியே நிற்கும்.)

பற்றுவரவு எழுதியது

தளமட்டம் சார் அளவைச் சொல்லிவிட்டார். நான் பணத்தைச் சொல்கிறேன். நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து ஒப்பந்தத் தொழில் செய்கிறோம். களம் அவர், கணக்கு நான். பதினாறு வருஷமாக அடகுக் கடை, ஆடிட்டர், மாநகராட்சிக் கணக்குப் பிரிவு மூன்றுக்கும் நடையாய் நடக்கிறேன்.

தம்பி, இருபத்து நாலரை லட்சம் பில் என்றால் இருபத்து நாலரை கைக்கு வரும் என்று நினைத்துக் கடைக்காரரிடம் தேதி சொல்லிவிடாதே. கணக்கு எளிதாக இருக்க 20 லட்சம் என்று வைத்துக்கொள். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 3,60,000. (2022 ஜூலை 17 வரை உள்ளாட்சி வேலைக்கு 12 சதவீதம், மறுநாளிலிருந்து 18.) ஆக பில் 23,60,000. பிடித்தங்கள் எல்லாம் அந்த 20 லட்சத்தின் மேல். நீ தனிநபர் என்பதால் வருமான வரி 1 சதவீதம், 20,000. ஜி.எஸ்.டி. பிடித்தம் 2 சதவீதம், 40,000. தொழிலாளர் நல நிதி 1 சதவீதம், 20,000. நிறுத்திவைப்புத் தொகை (வேலைக்குப் பிணையாகப் பிடித்து வைப்பது) உன் ஒப்பந்தத்தில் எவ்வளவு என்று பார், எங்களுக்கு 5 சதவீதம், அது ஒரு லட்சம். மொத்தம் 1,80,000 போனால் வங்கியில் விழுவது 21,80,000.

பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதற்குள் 3,60,000 அரசாங்கத்துப் பணம். கம்பி, சிமென்ட், ரெடிமிக்ஸ் வாங்கும்போது நீ கட்டிய வரி ஒன்றரை லட்சம் உள்ளீட்டு வரியாகக் கழியும் என்று வை. பிடித்த 40,000-மும் உன் கணக்கில் வரவாகும். மீதி 1,70,000 ரொக்கமாகக் கட்ட வேண்டும். ஆக உன் கையில் நிற்பது 20,10,000. அந்த 1,70,000-ஐ எடுத்துக் கூலி கொடுத்துவிட்டு, வரி கட்டும் கெடுவான அடுத்த மாதம் 20-ஆம் தேதி தலையில் துண்டு போட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் ஒருவர் உண்டு.

பிடித்த 40,000 தானாக வந்துவிடும் என்றும் நினைக்காதே. மாநகராட்சி அதற்கான ரிட்டர்னை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் போட வேண்டும். போட்டால்தான் உன் பக்கம் தெரியும், நீ ஜி.எஸ்.டி. தளத்துக்குள் போய் ஏற்றுக்கொண்டால்தான் அங்கே உன் ரொக்க லெட்ஜரில் (வரி கட்ட வைத்திருக்கும் கணக்கு) விழும். எனக்கு ஒரு முறை கிளார்க் ஜி.எஸ்.டி. எண்ணில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டார். அந்தப் பணம் யாரோ ஒருவர் கணக்கில் நின்றது, திருத்தி வாங்க ஏழு மாதம் ஆனது.

இன்வாய்ஸ் எப்போது போடுவது என்பதை உன் ஆடிட்டரிடம் இன்றைக்கே கேள். தொடர்ந்து நடக்கும் வேலைக்கு ஜி.எஸ்.டி. சட்டம் 31(5)-இல் தனி விதி இருக்கிறது. ஒரு கட்டம் முடிவதோடு பணம் இணைக்கப்பட்டிருந்தால் அந்தக் கட்டம் முடியும் தேதிக்குள் இன்வாய்ஸ் போட வேண்டும். பணம் எப்போது தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலிருந்து தெரிந்துகொள்ள முடியாவிட்டால், பணம் வரும்போது போடலாம். உன் ஒப்பந்த வாசகம் எந்த வகை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவசரப்பட்டு இன்றைக்கே இன்வாய்ஸ் போட்டுவிட்டால், பணம் தீபாவளிக்கு வந்தாலும் வரி அடுத்த மாதமே கட்ட வேண்டும். தாமதித்தால் வருஷத்துக்கு 18 சதவீத வட்டி.

கடைக்காரர் பாக்கியையும் கவனி. அவர் பில் போட்ட தேதியிலிருந்து 180 நாளுக்குள் நீ பணம் கொடுக்காவிட்டால், அதற்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். கொடுத்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். பிப்ரவரியில் வாங்கிய கம்பிக்கு ஆகஸ்ட் வந்தால் கெடு.

பணம் தாமதித்தால் சிறு, குறு தொழில் சட்டத்தில் 45 நாள் கெடு இருக்கிறது, வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம் என்று யாராவது உன்னைத் தூண்டுவார்கள். 2006 சட்டத்தில் அது இருப்பது உண்மை. ஆனால் பொருளும் உழைப்பும் கலந்த கட்டுமான ஒப்பந்தத்துக்கு அது பொருந்தாது என்று சில உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அதை நம்பி வட்டிக்கு வாங்காதே. மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபர் 29-இல் ஒரு நல்ல உத்தரவு போட்டது. பகுதிப் பில் கொடுத்த 10 வேலை நாளில் குறைந்தது 75 சதவீதத்தைக் கொடுத்துவிடு, மீதியைச் சரிபார்த்து 28 வேலை நாளுக்குள் கொடு என்று. படிக்கும்போது கண்ணில் தண்ணீர் வரும். ஆனால் அது மத்திய அரசுத் துறைகளுக்கு. நம் மாநகராட்சிக் கணக்குப் பிரிவில் காட்டினால் சிரிப்பார்கள்.

கடைசியாக, இது அடுத்த டெண்டருக்கு. டெண்டர் அறிவிப்பில் தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் எந்த நிதி என்று பார். நிதிக்குழு மானியம், திட்ட நிதி என்று தனியாக வந்து நிற்கும் பணம் என்றால் பில் பாஸ் ஆனதும் வரும். 'பொது நிதி' என்று இருந்தால் சம்பளம், கரண்ட் பில், டீசல் எல்லாம் போக மிச்சமிருந்தால்தான் நமக்கு. பொது நிதி வேலைக்கு நாங்கள் விலை போடும்போதே ஆறு மாத வட்டியைச் சேர்த்துக்கொள்வோம். இதை வெளியில் சொல்லக் கூடாதுதான், சொல்லிவிட்டேன்.

மூன்றாம் குறுக்குத் தெரு எழுதியது

நான் ஒப்பந்ததாரரும் இல்லை, பொறியாளரும் இல்லை. வடிகாலுக்காக வாசலில் பள்ளம் தோண்டி ஐந்து மாதம் பலகை போட்டு நடந்தவன். எங்கள் ஊர் வேறு, ஆனால் கதை இதேதான்.

மன்னிக்கவும் தம்பி, எனக்கு உங்கள் மேல் இரக்கம் வரவில்லை. எங்கள் தெருவில் 82 வயது மாமி ஆஸ்பத்திரிக்குப் போக நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிப் பள்ளத்தைத் தாண்டினோம். மளிகைக்கடைக்காரர் கடையை மூடிவிட்டு மச்சினன் ஊருக்கே போய்விட்டார். ஒப்பந்ததாரரைக் கேட்டால் "பில் வரலை சார்". மாநகராட்சியைக் கேட்டால் "வேலை முடியலை சார்". இரண்டு பேரும் கை காட்டுவது எங்கள் வாசலைத்தான்.

என் கேள்வி இது. முழுசாக முடிக்காத வேலைக்கு எதற்குப் பணம்? முடித்துவிட்டு வாங்கிக்கொள் என்றால் வேலை தானாக முடியுமே. பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு பாதியில் போகிறவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

தளமட்டம் எழுதியது

ஐயா, நாற்காலி தூக்கியது படிக்கவே சங்கடமாக இருக்கிறது. உங்கள் கோபம் நியாயம், தீர்வு மட்டும் தப்பு.

முடித்தபின் மொத்தமாகத் தருகிறேன் என்றால் 78 லட்சத்தைக் கையில் வைத்திருப்பவர் மட்டும்தான் டெண்டருக்கு வருவார். ஊரில் அப்படிப்பட்டவர்கள் மூன்று பேர் இருப்பார்கள், மூன்று பேரும் சேர்ந்து டீ குடிப்பவர்கள். மேலே அந்த அம்மா சொன்ன வட்டியும் விலையில் ஏறும். அதையும் நீங்கள்தான் சொத்து வரியாகக் கட்டுவீர்கள்.

பாதியில் ஓடுகிறவனைப் பிடிக்கத்தான் ஒவ்வொரு பில்லிலும் நிறுத்திவைப்புத் தொகை பிடிக்கிறோம். தரத்துக்கும் அதே பிடிதான். சுவர் கான்கிரீட் எம்20 தரம் என்றால் போடுகிற அன்றே 15 சென்டிமீட்டர் கியூப் அச்சில் மாதிரி எடுக்க வேண்டும். ஒரு நாளில் 6-லிருந்து 15 கன மீட்டர் வரை போட்டால் இரண்டு மாதிரி, மாதிரிக்கு மூன்று கியூப். 28-ஆம் நாள் உடைத்துப் பார்த்த அறிக்கை பில்லோடு போக வேண்டும். மொத்தப் பணத்தையும் கடைசியில் தருவதாக இருந்தால், கியூப் சரியில்லை என்று தெரிவதற்குள் 640 மீட்டரும் எழும்பியிருக்கும். இடிக்க யாருக்கும் மனசு வராது. நூறு மீட்டருக்கு ஒரு பில் என்றால் நூறு மீட்டரிலேயே மாட்டிக்கொள்வான்.

உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். தகவல் உரிமைச் சட்டம் 2(ஜே) பிரிவில் ஆவண நகல் மட்டும் இல்லை, நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரி கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, உங்கள் தெரு வேலையின் எம் புக் பக்கங்களையும் கியூப் அறிக்கையையும் சான்றிட்ட நகலாகக் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். 'வேலை முடியலை', 'பில் வரலை' இரண்டில் எது பொய் என்று அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். பில் தயாரானதும் அந்த அளவுகளின் மேல் மூலைக்கு மூலை சிவப்பு மையில் கோடு அடிப்பார்கள், ஒரே அளவுக்கு இரண்டு முறை பணம் போகக் கூடாது என்று. கோடு இருந்தால் பில் போட்டாயிற்று.

மூன்றாம் குறுக்குத் தெரு எழுதியது

சிவப்புக் கோடு விஷயம் இன்றைக்குத்தான் தெரியும். மனுப் போடுகிறேன். சின்ன மேஸ்திரி, அந்த 180 மீட்டருக்கு முதலில் மூடியைப் போடுங்கள், சாமி. பணம் வந்தாலும் வராவிட்டாலும் 180 மீட்டர் ஜனங்களாவது உங்களைத் திட்ட மாட்டார்கள்.

சின்ன மேஸ்திரி எழுதியது (ஏழு வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுத முடியவில்லை, கையில் வேலை.

தளமட்டம் சார் திட்டியது உறைத்தது. மறுநாளே ஆட்களைச் சுருக்கி 180 மீட்டரில் இறக்கினேன். சென்ட்ரிங் பலகை அங்கே இங்கே சிதறிக் கிடந்ததை ஒன்றாகச் சேர்த்ததில், புதிதாக வாடகைக்கு எடுக்க வேண்டியதே இல்லாமல் போனது. மூடி போட்டு, ஓரம் நிரப்பி, இன்னொரு 20 மீட்டரும் சேர்த்து 200 மீட்டர் முடித்தேன். முதல் நாள் அதன் மேல் ஒரு பால் வண்டி ஏறிப் போனதை அப்பா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அளவெடுக்கக் கடிதம் எழுதித் தபால் பிரிவில் முத்திரை வாங்கினேன். அதன் நகலைக் காட்டியதும் உதவிப் பொறியாளர் முகம் சுருங்கியது, ஆனால் நாலாம் நாள் டேப்போடு வந்தார். முடிந்த 200 மீட்டரோடு மீதி நீளத்தின் தோண்டல், பி.சி.சி., அடித்தளம் எல்லாம் எழுதினார். தோண்டலுக்கு மட்டும் பார்ட் ரேட். கடைசி 40 மீட்டர் சுவரை 28 நாள் கியூப் அறிக்கை வரும்வரை எழுத மாட்டேன் என்றார், சரி என்றேன். எம் புக்கில் 'அளவுகளை ஒப்புக்கொள்கிறேன்' என்று கையெழுத்துப் போடும்போது பேனா நடுங்கியது. அந்த 40 மீட்டர் அறிக்கை வந்த பிறகு அதையும் சேர்த்து, பில் 29,40,000-க்கு நின்றது.

பற்றுவரவு அக்கா, உங்கள் கணக்கை அப்படியே போட்டுப் பார்த்தேன். ஜி.எஸ்.டி. 5,29,200 கூட்டி, 9 சதவீதம் 2,64,600 கழித்து 32,04,600 வர வேண்டும். நேற்று மத்தியானம் 3.10-க்கு வங்கிக் குறுஞ்செய்தி வந்தது. அதே 32,04,600. ரூபாய் பிசகவில்லை. கட்ட வேண்டிய வரியை முதலில் எடுத்துத் தனிக் கணக்கில் போட்டேன். அப்புறம் ரெடிமிக்ஸ், அப்புறம் கம்பிக்கடை. நகை அடுத்த பில்லுக்கு.

அந்த 90 மீட்டரில் மூன்று சோதனைக் குழி தோண்டினேன். இரண்டில் கிராவல் அடி பளிச்சென்று தெரிந்தது, 0.44, 0.46 என்று அளவு வந்தது. மூன்றாவதில் 0.30-தான் இருந்தது. அங்கே நானே ஆழம் குறைவாகத்தான் தோண்டியிருக்கிறேன் போல, ஞாபகம் இல்லை. உதவி செயற்பொறியாளர் மூன்றையும் சராசரி எடுத்து 0.40 என்று குறித்துக்கொண்டு, "அனுமதிக்கு அனுப்பறேன், உறுதி சொல்ல மாட்டேன்" என்றார்.

சார், ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அடுத்த 120 மீட்டர் துண்டில் மின்வாரியக் கேபிள் குறுக்கே போகிறது. மாற்றித் தரச் சொல்லி மாநகராட்சி எழுதி இரண்டு மாதம் ஆகிறது. அந்த 6 மீட்டரை மட்டும் விட்டுவிட்டு இரண்டு பக்கமும் முடித்தால், துண்டு முடிந்ததாக எழுதுவார்களா?

தளமட்டம் எழுதியது

எழுதுவார்கள். 114 மீட்டர் என்று எழுதுவார்கள். கேபிள் இருக்கும் இடத்தைப் படம் எடுத்து இன்றைக்கே கடிதம் கொடுங்கள், முத்திரையோடு. அந்த 6 மீட்டரின் இரண்டு பக்கமும் தடுப்பு வைத்து ராத்திரிக்குச் சிவப்பு விளக்கு போடுங்கள்.